பாட்டனாருக்கு எட்டாத மொழி

பிறமொழி கற்கப் புகுவோர் பல திறத்தினர். வணிகத்தின் பொருட்டுக் கற்போர் உளர். ஆட்சியின் பொருட்டும் ஆராய்ச்சியின் பொருட்டும் கற்போர் உளர். இளம்பருவத்திலேயே ஈராண்டுக் காலம் வீட்டைப் பிரிந்து, அயல்நாட்டார் கதவைத் தட்டித் தம் சமயத்தை எடுத்துரைப்பதற்காக மொழி கற்போர் மற்றொரு திறத்தினர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபையின் இளம் ஊழியர்கள் அவ்வகையினர். ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பது, 1830-இல் ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தோற்றுவித்த அச்சபையின் முழுப்பெயர். ஒவ்வொருவரும் நற்செய்தியைத் தத்தம் மொழியிலேயே கேட்க வேண்டும் என்பது 1833 முதல் அச்சபையார் போற்றிவரும் கொள்கை. ஸ்பானிய மொழியைப் பொறுத்தவரை அக்கொள்கை செயலுக்கு வந்த வரலாறு, ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளோடு பின்னிக் கிடக்கிறது.

கப்பலில் கற்ற இலக்கணம்

முதல் தலைமுறையினர் பார்லி பிராட். சபையின் பன்னிரு தூதர்களுள் ஒருவர், சிறந்த பேச்சாளர், ஆங்கிலத்தில் பல துதிப்பாடல்கள் இயற்றிய கவிஞர். 1851 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறி, நவம்பரில் சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகத்தை அடைந்தார். கருவுற்றிருந்த மனைவி ஃபீபியும், ரூஃபஸ் ஆலன் என்னும் இளைஞரும் உடன் சென்றனர். ஸ்பானிய மொழியை அவர் கப்பலிலேயே கற்கத் தொடங்கி, கரையிறங்கிய பின்னும் விடாமல் பயின்றார். எனினும் இலக்கண நூல் தந்த சொற்கள் கடைத்தெருவில் பேச உதவினவே யன்றி, உள்ளத்தைத் தொட உதவவில்லை. நாட்டிலோ உள்நாட்டுக் கலகம், கையிலோ பொருளில்லை. சிலியில் பிறந்த ஆண்மகவும் சில வாரங்களிலேயே இறந்தது. 1852 மார்ச்சில், ஒருவரையேனும் சபையில் சேர்க்க இயலாதவராய் அவர் ஊர் திரும்பினார். தாய்மொழியில் பாவலராக விளங்கிய ஒருவர் பிறிதொரு மொழியின் வாயிலில் ஊமையாய் நின்ற துயரத்தைக் கவிஞர்கள் எளிதில் உணர்வர்.

நூலிழையும் முடிச்சும்

அடுத்த முயற்சிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1874-இல், மெக்சிகோவுக்கு ஊழியர்களை அனுப்ப எண்ணிய சபைத் தலைவர் பிரிகாம் யங், டேனியல் ஜோன்ஸ் என்பவரை அழைத்து ஆயத்தம் செய்யப் பணித்தார். ஜோன்ஸ் பள்ளியில் ஸ்பானியம் கற்றவரல்லர். 1847-இல் மெக்சிகோப் போருக்குப் படைவீரராகச் சென்று, போர் முடிந்த பின்னரும் அங்கேயே தங்கி, மக்களோடு பழகி மொழியைப் பெற்றவர். அதே 1874-இல், பிலிப்பைன்ஸ் தீவுகளில் பணிபுரிந்த ஸ்பானியப் படை அதிகாரியான மெலித்தோன் த்ரெஹோ சால்ட் லேக் நகருக்கு வந்து சேர்ந்தார். மொழிக்கு உரியவராகிய அவர் பெயர்த்தார். மொழியோடு வாழ்ந்தவராகிய ஜோன்ஸ் ஒப்புநோக்கினார். நன்கொடை திரட்டி, மார்மன் நூலின் தேர்ந்தெடுத்த பகுதிகளை ஏறத்தாழ நூறு பக்க அளவில் 1875-இல் அச்சிட்டனர்.

அந்த ஒப்புநோக்கும் பணியைப் பற்றி ஜோன்ஸ் 1890-இல் வெளியான தம் நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். மொழிபெயர்ப்பு செவ்வனே அமைந்த இடங்களில், தம் நெற்றியின் நடுவிலிருந்து மெல்லிய நூலிழை ஒன்று தடையின்றி உருவப்படுவதுபோல் உணர்ந்தாராம். பிழை நேர்ந்த இடத்தில் அவ்விழையில் ஒரு சிறு முடிச்சு தட்டுப்பட்டதாம். அவர் அதனைத் தெய்வச் செயல் எனக் கொண்டார். எங்ஙனம் கொள்ளினும், சொல் பிசகிய இடத்தில் முடிச்சு நெருடுவது எழுதுவோர் அனைவரும் அறிந்த பட்டறிவே.

அந்நூலைச் சுமந்துகொண்டு 1875-இல் குதிரைகள் மீது மெக்சிகோ நோக்கிப் புறப்பட்ட குழுவில் பார்லி பிராட்டின் மகன் ஹீலமன் பிராட்டும் இருந்தார். 1876-இல் அவர்கள் சிவாவா நகரை அடைந்தனர். தந்தை திரும்பிய இடத்திலிருந்து மகன் தொடங்கினார் எனலாம். த்ரெஹோவும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் முடித்த முழு மொழிபெயர்ப்பு 1886-இல் வெளிவந்தது.

பெயரனின் பாடல்கள்

ஹீலமன் பின்னர் மெக்சிகோவிலேயே குடியேறினார். அவர் மகன் ரே லூசெரோ பிராட் 1887-இல், சிறுவனாக, கொலோனியா டுப்லான் குடியிருப்புக்கு வந்தார். விளையாட்டிலும் வேலையிலும் ஸ்பானியம் கேட்டே வளர்ந்தார். 1907 முதல் 1931-இல் மறையும் வரை மெக்சிகோ ஊழியத்தின் தலைவராக இருந்தார். புரட்சியின் கொடுமையால் 1913-இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தபோதும், அங்கிருந்த மக்களோடு மடல் வழியே உறவாடினார். ஸ்பானிய மொழியில் துதிப்பாடல்களைப் பெயர்த்ததோடு தாமும் இயற்றினார். 1925 டிசம்பரில் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் தென் அமெரிக்க ஊழியம் தொடங்கப்பெற்ற காலை, சென்ற மூவருள் ஸ்பானியம் வல்லவராக அமைந்தவர் அவரே. பாட்டனார் வாய் திறக்க மாட்டாது திரும்பிய கண்டத்தில், எழுபத்து மூன்று ஆண்டுகள் கழித்துப் பெயரன் அம்மக்கள் மொழியிலேயே பேசினார்.

ஆயின் வரலாறு இவ்விடத்தில் இனிதே முடியவில்லை. 1936-இல், மெக்சிகோ ஊழியத்தின் தலைவராக ரேயின் தந்தைவழித் தம்பி ஹரல்ட் பிராட் இருந்தார். மெக்சிகோவிற் பிறந்தவர், மொழி நன்கு அறிந்தவர். எனினும் தம் குருதியும் தம் இனமுமாகிய ஒருவரே தலைவராதல் வேண்டும் எனக் கோரி, மெக்சிகோ உறுப்பினருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தனர். ‘மூன்றாம் மாநாடு’ என வழங்கும் அப்பிளவு, சபைத் தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் 1946-இல் நேரில் சென்ற பின்னரே ஆறியது. ஒரு மக்களின் மொழியைப் பேசுவது வேறு, அம்மொழியில் அவர்கள் கூறுவதற்குச் செவிசாய்ப்பது வேறு என்பதனை அப்பத்தாண்டுகள் உணர்த்தின.

மனப்பாடமும் மறுமொழியும்

இளம் ஊழியர்களுக்கெனச் சால்ட் லேக் நகரில் 1925-இல் ஓர் இல்லம் திறக்கப்பட்டிருந்தது. ஆயினும் அங்கே மொழிப் பயிற்சி இல்லை. மொழியைச் சென்ற நாட்டிலேயே தட்டுத்தடுமாறிக் கற்றனர். மெக்சிகோ, அர்ஜென்டினா நாடுகளுக்கான விசா காலந்தாழ்ந்தமையால் காத்திருந்த இளைஞர்களுக்காக, 1961 டிசம்பரில் ப்ரோவோ நகரின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய வகுப்பு தொடங்கப்பட்டது. ஸ்பானியப் பேராசிரியர் எர்னஸ்ட் வில்கின்ஸ் அதனை நடத்தினார். 1963-இல் அது மொழிப் பயிற்சி ஊழியமாகவும், 1978-இல் ஊழியர் பயிற்சி மையமாகவும் வளர்ந்தது. ஊழியம் முடித்துத் திரும்பிய மாணவர்களே பெரும்பாலும் ஆசிரியராயினர். உண்ணும் இடத்திலும் உறங்கும் இடத்திலும் கற்கும் மொழியிலேயே பேசுமாறு ஊக்கினர்.

சொல்ல வேண்டிய சமயப் பாடங்களோ சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யப்பட்டன. 1961-இல் வகுத்த ஆறு பாடங்களில், கேட்பவர் கூறும் மறுமொழிகளும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. ஆங்கில மூலத்தில் அந்தக் கற்பனைக் கேட்போனின் பெயர் மிஸ்டர் பிரவுன். உண்மையில் கதவைத் திறந்தவர் எவரும் பிரவுன் அல்லர். எதிர்பாராத வினா ஒன்று எழுந்தால், மனப்பாடம் செய்தவன் திகைத்து நின்றான். 1986-இல் வந்த பாடங்கள் சொந்தச் சொற்களுக்கு இடமளித்தன. 2004-இல் மனப்பாடப் பாடமுறை முற்றிலும் கைவிடப்பட்டது.

மொழியின் நுட்பங்களும் அவர்களைச் சோதித்தன. ‘பெக்காதோர்’ என்றால் பாவி, ‘பெஸ்காதோர்’ என்றால் மீனவர். ஓர் ஒலி மிகுந்தால், மனந்திரும்ப வேண்டியவர் வலைவீசப் போய்விடுவார். தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ இருப்பது போல ஸ்பானியத்தில் ‘தூ’, ‘உஸ்தெத்’ உண்டு. இளம் ஊழியர்கள் மக்களையும் தம் தோழரையும் ‘உஸ்தெத்’ என்று விளிக்கவும், இறைவனை ‘தூ’ என்று விளிக்கவும் பயிற்றப்பட்டனர். வழக்கிறந்த பழஞ்சொற்களால் ஆங்கிலத்தில் வேண்டுதல் செய்து பழகியவர்க்கு அது வியப்பாகவே தோன்றும். ஆண்டவனை ‘நீ’ என்றே பாடும் மரபில் வந்தோர்க்கு வியப்பில்லை.

மதிலுக்கு வெளியே

2012 அக்டோபரில் சபையார் ஊழியத்திற்குரிய வயதை இளைஞர்க்கு 18 எனவும், இளம்பெண்டிர்க்கு 19 எனவும் குறைத்தனர். பயில வருவோர் தொகை பெருகவே, 2013 ஜூன் மாதத்தில் மெக்சிகோ நகரில் பெரியதொரு பயிற்சி மையம் திறக்கப்பெற்றது. வட அமெரிக்கர் பலர் மொழி வழங்கும் நாட்டிலேயே அதனைக் கற்கும் வாய்ப்பைப் பெற்றனர். அதற்கொரு விலையும் இருந்தது. 1964 முதல் மெக்சிகோ மாணவர்கள் பயின்றுவந்த பெனெமெரித்தோ பள்ளி மூடப்பட்டு, அதன் வளாகமே மையமாயிற்று. அங்குப் படித்தோர் பலர் அதனைப் பேரிழப்பாகக் கருதினர்.

அப்பள்ளியின் பெயர், மெக்சிகோவின் தலைவர் பெனிதோ ஹுவாரெஸுக்கு வழங்கிய சிறப்புப் பெயர். ஸபொதெக் பழங்குடியிற் பிறந்த ஹுவாரெஸின் தாய்மொழி ஸ்பானியம் அன்று. வஹாகா நகருக்குச் சென்ற பின்னரே, ஏவலராயும் மாணவராயும் இருந்து அதனைக் கற்றார். அவர் பெயரால் விளங்கிய வளாகத்தில் அயல்நாட்டு இளைஞர்கள் ஸ்பானியத்தின் முதற் சொற்களைப் பயில்கின்றனர். போதிக்கச் செல்பவன் முதலில் மாணவனாதல் வேண்டும் என்பதே பார்லி பிராட்டின் தோல்வியும், த்ரெஹோ – ஜோன்ஸ் கூட்டுழைப்பும், மூன்றாம் மாநாட்டின் மனக்குறையும் விட்டுச்சென்ற பாடம். அதனை எந்தப் பயிற்சி மையமும் ஆறு வாரத்தில் கற்பித்துவிட இயலாது. மதிலுக்கு வெளியே வாழும் மக்களிடமே கற்றல் வேண்டும்.