கல்லும் அதன் குறிப்பும்

1912ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அண்டார்க்டிக்கப் பனிவெளியில் புதைந்து கிடந்த கூடாரம் ஒன்றைத் தேடல் குழுவினர் கண்டனர். தென்துருவத்தை அடைந்து திரும்பிய கேப்டன் ஸ்காட்டும் தோழர் இருவரும் அதனுள் உயிர் நீத்திருந்தனர். அவர்களுடைய சறுக்குவண்டியில் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள கற்கள் இருந்தன. அவ்வாண்டு பிப்ரவரி 8ஆம் நாள் பக்லி மலையருகே திரட்டப்பட்டவை அவை. பயணத்தின் இறுதி நாள்களில் நில அளவைக் கருவியையும் ஒளிப்படக் கருவியையும் வழியிலேயே விட்டுச் சென்றவர்கள், மருத்துவர் எட்வர்ட் வில்சனின் வேண்டுகோளுக்கு இணங்கிக் கற்களை மட்டும் கைவிடவில்லை.

அக்கற்களில் நாக்கு வடிவ இலைகளின் பதிவுகள் இருந்தன. கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர் சீவர்ட் அவற்றை ஆராய்ந்து, குளோசாப்டெரிஸ் இண்டிகா என 1914இல் அறிவித்தார். பனி மூடிய கண்டத்தில் முன்னொரு காலத்தில் காடு தழைத்திருந்தது என்பதற்கு அது சான்றாயிற்று.

பெயரின் பிற்பகுதியாகிய 'இண்டிகா' இந்தியாவைச் சுட்டுவது. இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்த இத்தகைய இலைப் பதிவுகளுக்கு, 1828இலேயே பிரெஞ்சு அறிஞர் பிரோஞ்ஞியார் குளோசாப்டெரிஸ் எனப் பெயரிட்டிருந்தார். 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத்துறை, நிலக்கரி வளத்தை அறிவதையே முதற்பணியாகக் கொண்டது. ஆட்சியின் தேவைக்காகத் தோண்டிய நிலக்கரிப் படுகைகளில் அறிவியலுக்கும் சான்றுகள் கிடைத்தன. அப்பாறைத் தொகுதி, நடு இந்தியாவின் கோண்டு மக்கள் வாழ்நிலத்தை ஒட்டிக் 'கோண்டுவானா' எனப் பெயர் பெற்றது. 1885இல் ஆஸ்திரிய அறிஞர் சூயஸ், பண்டைய தென்பெருநிலத்திற்கு அப்பெயரையே சூட்டினார். கோண்டி, தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

துருவத்துக் கல் தனித்து நின்று எதையும் கூறியிருக்காது. இன்ன இடத்தில் எடுத்தது என்னும் குறிப்பும், ஒப்பிட்டுப் பார்க்க இந்தியச் சேகரிப்பும் இருந்தமையால்தான் அது பேசிற்று. கண்டங்கள் ஒரு காலத்தில் இணைந்திருந்தன என்னும் வெகனரின் கருத்துக்கும் இவ்விலை துணை நின்றது.

ஆயினும் அக்குறிப்புகளில் ஒரு குறையுண்டு. வில்சனின் பெயரை உலகம் அறியும். இந்தியப் படுகைகளில் மண்வெட்டியும் சுமையும் ஏந்தியோரின் பெயர்களை ஏடுகளில் காண்பது அரிது. ஒரு மக்களின் பெயரைப் பெருநிலம் ஒன்றுக்குச் சூட்டிய அறிவியல், கல்லை எடுத்துக் கொடுத்த கைகளைப் பதிவு செய்யத் தவறியது.

மாணவர்கள் களப்பயணத்தில் ஒரு கல்லை எடுத்தால், இடத்தையும் நாளையும் எழுதுக. அதைக் காட்டிக் கொடுத்தவர் பெயரையும் உடன் எழுதுக.