இணையத்தின் உடைமையும் அரசும்: பெயர்ப் பதிவேட்டின் வரலாறு குறித்துச் சில அவதானிப்புகள்

இணையத்தை அரசு ஆள்வதா, தனியார் ஆள்வதா என்னும் விவாதத்தில் இரு சாராரும் அரசையும் தனியார் மூலதனத்தையும் ஒன்றுக்கொன்று எதிரான சக்திகளாகவே கொள்கின்றனர். வரலாறு இதனை ஆதரிப்பதாக இல்லை. தடையிலா வாணிபம் என்பதே அரசு சட்டத்தின் துணைகொண்டு நிலைநிறுத்தும் ஓர் ஒழுங்குமுறைதான் என்று கிராம்சி தமது சிறைக் குறிப்புகளிற் சுட்டியுள்ளார். ஐக்கிய அமெரிக்காவில் இணையம் கைமாறிய வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

1969இல் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணத்தில் ஆர்பாநெற் தொடங்கியமை பலரும் அறிந்ததே. 1980களின் பிற்பகுதியில் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றம் பல்கலைக்கழகங்களுக்கென நிறுவிய வலையமைப்பு, வர்த்தகப் பயன்பாட்டை விலக்கும் விதியைக் கொண்டிருந்தது. 1995 ஏப்ரல் 30ஆந் திகதி அதன் முதன்மைத் தடம் மூடப்பட்டு, போக்குவரத்து முழுவதும் தனியார் கம்பனிகளின் தடங்களுக்குச் சென்றது.

கம்பிகளின் கதையைவிடப் பெயர்களின் கதையே கூடுதல் தெளிவு தருவது. 1993 தொடக்கம் '.கொம்' முதலிய ஆள்களப் பெயர்களைப் பதியும் பணி, மன்றத்துடனான உடன்படிக்கையின்கீழ் நெற்வேர்க் சொலூஷன்ஸ் என்னும் கம்பனியிடம் இருந்தது. பதிவோர் எதுவும் செலுத்தவேண்டியதில்லை; செலவை மன்றமே ஏற்றது. 1995 செப்ரெம்பரில் நிலைமை மாறிற்று. பெயரொன்றுக்கு முதலிரு வருடங்களுக்கென 100 டொலர் அறவிட மன்றம் அனுமதித்தது. அதில் 30 சதவீதம் இணைய உட்கட்டமைப்புக்கான நிதியமொன்றைச் சேர்ந்தது. அந்த 30 சதவீதம் சட்டவிரோதமான வரியென 1998இல் நீதிமன்றம் கண்டபோது, காங்கிரஸ் விரைந்து சட்டமியற்றி அதனைச் செல்லுபடியாக்கிற்று. கம்பனி வரி தண்டுகிறது. அரசு பின்னின்று அதனை நியாயப்படுத்துகிறது. இவற்றுள் யார் அரசு, யார் தனியார்? 2000இல் வெரிசைன் கம்பனி ஏறத்தாழ 2,100 கோடி டொலர் பெறுமதியான பங்குகளுக்கு இக்கம்பனியை வாங்குவதாக அறிவித்தது. விலைபோனது பெரும்பாலும் ஒரு பட்டியலே. அதுவும் பொதுப்பணத்தில் வளர்ந்த பட்டியல்.

இவ்விரு தரப்பினரும் அல்லாத மூன்றாவது தரப்பொன்றும் இருந்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் பொஸ்ரல், பெயர்களையும் இலக்கங்களையும் ஒழுங்குபடுத்தும் பணியைப் பல்லாண்டுகள் ஆற்றியவர். 1998 ஜனவரி 28ஆந் திகதி, மூலப் பதிவேட்டின் பிரதிகளைப் பேணிய எட்டு நிலையங்களை, அக்கம்பனியின் கணினியை விட்டுத் தமது கணினியிலிருந்தே பதிவேட்டைப் பெறுமாறு அவர் கேட்டார். அவை இணங்கின. கட்டளையிடும் சட்ட அதிகாரம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. சகாக்களின் நம்பிக்கையே அவரது அதிகாரம். வெள்ளை மாளிகையின் தலையீட்டினால் சில நாட்களில் யாவும் பழைய நிலைக்குத் திரும்பின. அவரது குழுவினரை நாம் இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. அவர்களும் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒப்பந்தப் பணத்தில் இயங்கிய சிறு குழுவினரே. ஆயினும் உழைத்து உருவாக்கியோரே ஆளவும் கூடும் என்ற சாத்தியப்பாடு அந்தச் சில நாட்களிலேதான் வெளிப்பட்டது.

அவ்வாண்டு செப்ரெம்பரில் ஐகான் என்னும் இலாபநோக்கற்ற கூட்டுத்தாபனம் கலிபோர்னியாவிற் பதிவாயிற்று. தனியார்துறையே முன்னின்று நடத்தவேண்டும் என 1997இற் பிரகடனஞ் செய்த கிளின்ரன் அரசு, மூலப் பதிவேட்டில் மாற்றங்களை அங்கீகரிக்கும் உரிமையை மட்டும் தனது வர்த்தகத் திணைக்களத்திடம் வைத்துக்கொண்டது. 2010இல் தமிழெழுத்திலமைந்த '.இலங்கை' அப்பதிவேட்டில் இடம்பெற்றதும் இவ்வங்கீகாரத்தின் வழியேயாம். 2005 துனிஸ் உச்சிமாநாட்டையொட்டிச் சீனா, ஈரான் முதலிய அரசுகள் இவ்வேற்பாட்டை எதிர்த்தன. அதனை ஏகாதிபத்திய எதிர்ப்பென நம்மிற் சிலர் கொண்டாடுவதுண்டு. தம் மக்களின் வாசிப்பைத் தணிக்கை செய்யும் அரசுகள் அவை என்பதை மறத்தல் ஆகாது.

2016 ஒக்ரோபர் 1ஆந் திகதி வர்த்தகத் திணைக்களத்தின் அவ்வுரிமை முடிவுற்றது. அரசு விலகிவிட்டது என்றனர். ஆனால் '.கொம்' பெயர்களுக்கு வெரிசைன் அறவிடும் மொத்தவிலையின் உச்சவரம்பு அத்திணைக்களத்துடனான வேறோர் உடன்படிக்கையில் அடங்கியிருந்தது. 2012 முதல் 7.85 டொலராக நின்ற அவ்வரம்பை, ஆறாண்டுக் காலத்தின் கடைசி நான்கு ஆண்டுகளில் ஆண்டுதோறும் 7 சதவீதம்வரை உயர்த்தலாம் என 2018இல் இணங்கியதும் அதே திணைக்களமே.