எண்டர்பிரைஸுக்குள் ஒரு நடை

1987 முதல் 1994 வரை ஓடிய ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் வந்த எண்டர்பிரைஸ் விண்கப்பலின் உட்புறம், பாரமவுண்ட் ஸ்டூடியோவில் போட்ட செட்தான். தொடர் முடிந்ததும் சில பகுதிகள் ‘வாயேஜர்’ தொடருக்காக உருமாறின. மற்றவை போயே போயின.

ரசிகர்கள் விடுவார்களா? ‘அன்ரியல் என்ஜின்’ மென்பொருளில் அறை அறையாக, விளக்கு வெளிச்சம் உட்பட மீண்டும் கட்டினார்கள். பெயர் ‘ஸ்டேஜ் 9’. பழைய படப்பிடிப்புத் தளத்தின் எண். தாழ்வாரங்களில் நடக்கலாம், கேப்டன் நாற்காலி வரை போகலாம். எல்லாம் இலவசம்!

2018 செப்டம்பரில் சிபிஎஸ் நிறுவனத்தின் வக்கீல் கடிதம் வந்தது. உரிமை அவர்களுடையதுதான், மறுப்பதற்கில்லை. இரண்டு வருட உழைப்பு அத்தோடு நின்றது.

2023-ல் ஒளிபரப்பான ‘பிகார்ட்’ மூன்றாம் சீசனுக்காக, அதே கட்டளைத் தளத்தை மறுபடியும் செட் போட்டார்கள்.