நீர்க்கண்ணாடியின் வரலாறு

1823ஆம் ஆண்டு சனவரி மாதம் 14ஆம் நாள், பவேரிய இராச்சியத்தின் தலைநகராகிய மியூனிக் நகரிலே, அரச நாடக அரங்கு தீக்கிரையாயிற்று. அது திறக்கப்பெற்று ஐந்து ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. ஆட்டம் நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே மேடையிற் பற்றிய தீ கட்டடம் முழுவதையும் கவ்விக்கொண்டது. கடுங்குளிரால் நீர் உறைந்து கிடந்தமையின், அணைக்க முயன்றோரின் முயற்சி பயன்படவில்லை. நாடக அரங்குகளிலே திறந்த சுடர்களால் ஒளியூட்டிய காலம் அது. மரச்சட்டம், கித்தான் திரை, கயிறு ஆகியவற்றிடையே நெருப்பை வைத்துக்கொண்டுதான் அக்காலத்து மக்கள் நாடகம் பார்த்தனர்.

இந்த ஆபத்துக்கு மருந்தாகக்கூடிய ஒரு பொருள் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே அந்நாட்டிற் பிறந்திருந்தது. யோகான் நெப்போமுக் பூக்ஸ் என்பவர் இரசாயனத்திலும் கனிப்பொருளியலிலும் பேராசிரியராக விளங்கியவர். 1818ஆம் ஆண்டளவிலே அவர் படிகக்கல் மணலைக் காரத்தோடு சேர்த்து உருக்கி, கண்ணாடி போன்ற ஒரு பொருளைப் பெற்றார். வியப்பு யாதெனில், அக்கண்ணாடி கொதிநீரிலே கரைந்தது. ஆதலின் அதற்கு 'நீர்க்கண்ணாடி' என்று பெயர் வழங்கலாயிற்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே வான் எல்மொண்ட், கிளவுபர் ஆகியோர் இத்தகைய கரைசலைக் கண்டிருந்தனர். எனினும், அதன் இயல்புகளை முறையாக ஆராய்ந்து, பயன்பாட்டுக்குரிய பொருளாக்கியவர் பூக்ஸே ஆவார்.

பொற்றாசியத்தாலும் சோடியத்தாலும் நீர்க்கண்ணாடி செய்யலாம். விலை குறைந்த சோடியஞ் சிலிக்கேற்றே பின்னர் கைத்தொழில்களிற் பெரிதும் இடம்பெற்றது. மணலையும் சோடியங் காபனேற்றையும் ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருக்கினால், காபனீரொட்சைட்டு வாயு வெளியேற, கண்ணாடிக் கட்டி எஞ்சும். அக்கட்டியை அழுக்கமுள்ள கொதிநீராவியிலே கரைத்தால் பாகு போன்ற திரவம் கிடைக்கும். இது காரத்தன்மை மிக்கது. காய்ந்தால் இறுகி ஒட்டும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோ வேறு அமிலமோ பட்டால், கரைந்திருந்த சிலிக்கா மீண்டும் திண்மமாகப் பிரியும். அதன் மேல் தீ பட்டாலோ நுரைத்துப் பொங்கி, வெப்பத்தை எளிதிற் கடத்தாத படலமாகும்.

தீக்கிரையான அரங்கு மீண்டும் எழுப்பப்பட்டு, 1825ஆம் ஆண்டு சனவரியிலே திறக்கப்பெற்றது. அதன் மரப்பகுதிகளைத் தீயினின்று காக்க நீர்க்கண்ணாடி பூசப்பட்டது. பூச்சு உறுதியாகப் பற்றும்பொருட்டு, களிமண், சுண்ணாம்புத்தூள் முதலியவற்றைக் கலக்கும் முறையையும் பூக்ஸ் வகுத்தார். பூசிய மரம் எரியாப் பொருளாகிவிடும் என்பதன்று. சுடர் விரைந்து பரவாது என்பதே பயன். உயிர் தப்பி ஓட வேண்டியவனுக்கு அச்சில நிமிடங்களே பெரிதல்லவா?

பூக்ஸின் உள்ளம் ஓவியக்கலையையும் நாடியது. சுவரில் வரைந்த வண்ணத்தின் மேல் நீர்க்கண்ணாடியைத் தெளித்தால் ஓவியம் கல்லைப்போல் நிலைக்கும் என்று அவர் கருதினார். பேர்லின் நகரின் புதிய அருங்காட்சியகத்துப் படிக்கட்டு மண்டபத்திலே, கவுல்பாக் என்னும் ஓவியர் இம்முறையிற் பெரும் சுவரோவியங்களைத் தீட்டினார். இலண்டன் பாராளுமன்றத்துக்கு ஓவியந் தீட்டிக்கொண்டிருந்த டானியல் மக்லீசு, இம்முறையைக் கற்க 1859இல் ஜேர்மனிக்குச் சென்றார். திரும்பி வந்து, வோட்டலூப் போர்க்களத்திலே வெலிங்டனும் புளூக்கரும் சந்தித்த காட்சியையும், நெல்சனின் மரணத்தையும் ஏறத்தாழ 45 அடி நீளமான சுவர்களில் வரைந்தார். பல்லாண்டு உழைப்பில் உருவான அவ்வோவியங்கள் காலப்போக்கிலே மங்கின. பேர்லின் ஓவியங்களோ இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தன. என்றும் நிலைக்கும் என்று நம்பப்பட்ட கலைமுறை அந்நம்பிக்கையை நிறைவேற்றவில்லை.

ஆயினும், கலைக்கூடத்திலே தளர்ந்த பொருள் சலவைக்கூடத்திலே வெற்றி கண்டது. இங்கிலாந்தின் விட்னெசு நகரில் வில்லியம் கொசேச்சு என்பவர், 1854இல் சவர்க்காரத்திலே சோடியஞ் சிலிக்கேற்றைச் சேர்க்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். கொழுப்பு விலையேறியிருந்த அக்காலத்தில் ஏழைகளுக்கும் மலிவான சவர்க்காரம் கிடைத்தது. இது வெறுங் கலப்படம் என்று இகழ்ந்தோரும் உளர். ஆனால் சிலிக்கேற்று நீரின் வன்மையைக் குறைக்கும். அழுக்கு மீண்டும் துணியிற் படியாது தடுக்கும். ஆதலால் அவ்விகழ்ச்சி முழுதும் பொருந்தாது. ஜேர்மனியில் 1876இல் தொடங்கிய என்கெல் நிறுவனத்தின் முதற் சலவைத்தூளும் நீர்க்கண்ணாடியை அடிப்படையாகக் கொண்டதே. அந்நிறுவனம் 1907இல் வெளியிட்ட 'பெர்சில்' தூளின் பெயரிலுள்ள 'சில்' என்னும் அசை சிலிக்கேற்றையே குறிக்கின்றது.

உலகப் போர்க்காலங்களில் மேலைநாட்டு இல்லத்தரசியர் முட்டைகளை நீர்க்கண்ணாடிக் கரைசலில் இட்டுப் பல மாதங்கள் கெடாது வைத்தனர். ஓட்டின் நுண்டுளைகளை அது அடைத்துவிடுவதே காரணம். அம்முட்டையை அவிக்குமுன் ஊசியாற் குத்த வேண்டும். இல்லையேல் ஓடு வெடிக்கும். கடதாசி அட்டை ஒட்டும் பசையாகவும், வார்ப்பாலைகளில் மணல் அச்சுக்களை இறுக்கும் பொருளாகவும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா களியின் மூலப்பொருளாகவும் இது பயன்படுகின்றது. தளர்ந்த மண்ணினுள்ளே சிலிக்கேற்றையும் கல்சியங் குளோரைட்டையும் செலுத்தி, நிலத்தையே இறுகச் செய்யும் முறையை யோசுட்டன் என்னும் பொறியியலாளர் 1920களில் வகுத்தார்.

அம்முறையின் வழிவந்த நுட்பம் 2011ஆம் ஆண்டிலே உலகின் கவனத்தை ஈர்த்தது. யப்பானின் புக்குசிமா அணுமின் நிலையத்தில், இரண்டாம் உலைக்கு அருகேயிருந்த குழியிலிருந்து கதிரியக்கம் மிக்க நீர் கடலுட் பாய்ந்துகொண்டிருந்தது. கொங்கிறீற்று ஊற்றினர், நிற்கவில்லை. நீரை உறிஞ்சும் பொருளோடு மரத்தூளையும் செய்தித்தாளையும் இட்டனர், அதுவும் பயன்படவில்லை. இறுதியில் நிலத்தடியே நீர்க்கண்ணாடியைச் செலுத்தினர். ஏப்பிரல் 6ஆம் நாள் அக்கசிவு நின்றது.

நாடக மேடையைத் தீயினின்று காக்க முற்பட்ட பூக்ஸ், 1856இல் மறைந்தார். அணுவுலையை அவர் கனவிலும் கண்டிரார். ஒரு பொருளின் இயல்பைப் பொறுமையோடு ஆராய்ந்து எழுதிவைப்பவன், அது எவ்வெவர்க்கு உதவும் என்பதை முன்னறிய வேண்டியதில்லை. அறிவு பிழையறப் பதிவாகியிருந்தால், வேண்டியபோது வேண்டியவர் அதனை எடுத்துக்கொள்வர்.