வெண்குஷ்டம் என்ற தப்பான பெயர்



மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கம் வரன் பேசும்போது இன்றும் ஒரு கேள்வி தணிந்த குரலில் வரும்: "அவங்க வீட்ல யாருக்காவது வெள்ளை உண்டா?" இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சொல்லின் வரலாறு இருக்கிறது.

பழைய சமஸ்கிருத மருத்துவ நூல்களில் 'குஷ்டம்' என்பது பல தோல் நோய்களுக்கும் பொதுப் பெயர். சரக சம்ஹிதை வெண்திட்டுக்கு 'சுவித்திரம்' என்று தனிப் பெயர் தந்தாலும், குஷ்டம் பற்றிய அத்தியாயத்திலேயே அதையும் சேர்த்துச் சொல்கிறது. பிற்காலத்தில் பேச்சு வழக்கில் குஷ்டம் என்றால் தொழுநோய் மட்டும் என்று பொருள் சுருங்கிவிட்டது. 'வெண்குஷ்டம்' என்ற பெயரோ அப்படியே தங்கிவிட்டது. பாவம், ஒட்டவே ஒட்டாத நோய் தொற்றுநோய்க்குச் சொந்தமாகிவிட்டது!

தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டார். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும். வெண்புள்ளியில் உணர்ச்சி குறையாது. அதற்குக் கிருமியும் இல்லை.

பின் என்னதான் காரணம்? உடல் தன்னையே தாக்காது என்றுதான் 1900களின் தொடக்கத்தில் பால் எர்லிக் போன்ற மேதைகள் நினைத்தார்கள். 1956இல் லண்டனில் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர், ஹஷிமோட்டோ தைராய்டு நோயாளிகளின் ரத்தத்தில் அவர்களுடைய தைராய்டையே எதிர்க்கும் பொருள் இருப்பதைக் காட்டினார்கள். காவலாளியே வீட்டுக்காரரை அடிப்பது போன்ற நோய்கள் உண்டு என்பது உறுதியாயிற்று. வெண்புள்ளியும் அந்த வகைதான். தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களை, நம் நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்களே அழிக்கின்றன. வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு சற்று அதிகம் வருவதும் இதனால்தான்.

மரபணுவுக்கும் பங்கு உண்டு. 2007இல் என்.எல்.ஆர்.பி.1 என்ற மரபணுவின் தொடர்பு தெரியவந்தது. பிறகு இன்னும் பல. ஆனால் மரபணு தலையெழுத்து அல்ல. ஒரே மரபணுக்கள் கொண்ட ஒட்டிப் பிறந்தாற்போன்ற இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், மற்றவருக்கும் வந்தது ஏறக்குறைய 23 சதவீதம்தான் என்று 2003இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அத்தை கையில் ஒரு திட்டு இருக்கிறது என்பதற்காகப் பெண்ணை வேண்டாம் என்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

நம் மண்ணுக்கும் சிகிச்சையில் இடம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியிலிருந்து சோரலென் என்ற பொருளை 1933இல் இந்திய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். வெயிலோடு சேர்ந்து நிறத்தைத் தூண்டும் பொருள் அது. (நீங்களாகப் பூசிப் பார்க்காதீர்கள், தோல் வெந்து கொப்பளிக்கும்.) எதிர்ப்புப் படையின் வேகத்தைத் தணிக்கும் ரக்சோலிடினிப் களிம்புக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவையே 2019இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. தொழுநோய்க்கே அந்த நியாயம் கிடைத்தபின், தொற்றாத ஒரு திட்டுக்காக வரனைத் தட்டிக் கழிப்பது என்ன நியாயம்?

இனி யாராவது 'வெண்குஷ்டம்' என்றால், "வெண்புள்ளி என்று சொல்லுங்கள்" என்று திருத்துங்கள். பேரக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். வகுப்பில் பக்கத்தில் உட்கார யாரும் தயங்கக் கூடாது.