நோய் தீர்ப்போரும் துணை நிற்போரும்

நோய் ஒருவர் உடலில் தோன்றுகிறது. அதன் விளைவோ வீடு முழுவதும் பரவுகிறது. உழைப்பவர் படுத்தால் அடுப்பு அணைகிறது. தாய் படுத்தால் குழந்தை வாடுகிறது. தனித்து வாழும் முதியவர் படுத்தாலோ ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பாரும் இல்லை. திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கையில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நின்றுவிடவில்லை. அருகிலிருந்து பணிவிடை செய்பவரையும் நான்காவது கூறாகச் சேர்க்கிறது. இந்நான்கும் கூடியதே மருத்துவம் என்பது அதன் கருத்து.

இக்கால அரசுகள் அந்த நான்காம் கூற்றைத் தனித் துறையாக்கின. நோயைத் தீர்ப்பது சுகாதாரத் துறையின் கடமை. உண்ணவும் உடுக்கவும் குளிக்கவும் வீட்டில் நடமாடவும் உதவுவது சமூகப் பணித்துறையின் கடமை. இரண்டும் ஒரே மனிதருக்காக ஏற்பட்டவை. எனினும் இரண்டிற்கும் சட்டம் வேறு, பணப்பெட்டி வேறு, அதிகாரி வேறு. இவ்விரண்டையும் கைகோக்கச் செய்ய இங்கிலாந்து நாடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மேற்கொண்ட முயற்சியின் வரலாறு, பிற நாட்டாரும் அறிந்து பயன்கொள்ளத்தக்கதாகும்.

இரண்டு வாயில்கள்

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஏழை நோயாளிக்கு இரண்டு வாயில்கள் இருந்தன. ஒன்று, செல்வர்களின் நன்கொடையால் நடைபெற்ற அறமருத்துவமனை. மற்றொன்று, 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தின்கீழ் இயங்கிய ஏழையர் விடுதி. விரைவில் குணமாகக்கூடிய நோயினரையே அறமருத்துவமனைகள் பெரிதும் ஏற்றன. நாட்பட்ட நோயினரும் தளர்ந்த முதியோரும் விடுதியின் நோயர் கூடத்திலே போய்ச் சேர்ந்தனர். அவ்விடுதிக்குள் புகுவதை மக்கள் பேரிழிவாகக் கருதினர். அங்ஙனம் கருதவேண்டும் என்பதே சட்டம் இயற்றியோரின் நோக்கமாகவும் இருந்தது. வெளியே உழைத்து வாழும் ஏழையின் நிலையைவிட விடுதியில் வாழ்வோரின் நிலை தாழ்ந்ததாகவே இருத்தல் வேண்டும் என்பது அக்காலக் கொள்கை.

இதனிடையே அறமருத்துவமனைகளின் வெளிநோயாளர் பகுதிகளில் கூட்டம் பெருகிற்று. பணம் கொடுக்க வல்லவரும் இலவச மருத்துவம் பெற்றுச் செல்கின்றனர் என்ற குறைகூறல் எழுந்தது. இலண்டனில் 1869இல் தோன்றிய அறப்பணி ஒழுங்கமைப்புச் சங்கம், வருவோரின் நிலையை விசாரித்தறிய மருத்துவமனையிலேயே ஒருவரை அமர்த்தவேண்டும் என்றது. அதன் செயலாளர் சார்ல்ஸ் லாக் இக்கருத்தை இடைவிடாது வற்புறுத்தி வந்தார்.

வாயிலில் அமர்ந்த பெண்மணி

1895ஆம் ஆண்டில் மேரி ஸ்டூவர்ட் என்னும் பெண்மணி இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் முதல் ‘ஆல்மனர்’ ஆக அமர்த்தப்பட்டார். கிறித்துவ மடங்களில் ஏழைகட்கு அறக்கொடை பகிர்ந்தளித்தவரைக் குறித்த பழஞ்சொல் அது. அவருக்கு இடப்பட்ட பணிகள் மூன்று: இலவச மருத்துவத்தை முறைகேடாகப் பெறுவோரைத் தடுத்தல், வறியவரை ஏழையர் சட்ட அதிகாரிகளிடம் அனுப்புதல், ஓரளவு வருவாய் உடையோரைச் சிறுதொகை செலுத்தி மருத்துவம் பெறும் சேமநல மருந்தகங்களில் சேரத் தூண்டுதல். சுருங்கச் சொன்னால், அவர் வாயிற்காவலராகவே அமர்த்தப்பட்டார்.

ஆனால் வாயிலில் அமர்ந்து மக்களின் கதையைக் கேட்கத் தொடங்கியபோது நிலைமை வேறாகத் தோன்றிற்று. ஏமாற்றி மருத்துவம் பெறுவோர் மிகச் சிலரே. பெரும்பாலோர் உண்மையிலேயே வறியவர். மருத்துவர் சொன்னதை வீட்டில் நிறைவேற்ற வழியற்றவர். நல்ல உணவு உண்ணுமாறு கூறினால் உணவுக்குப் பணமில்லை. ஓய்வெடுக்குமாறு கூறினால் அன்றைய கூலி போய்விடும். இந்நிலையில் எழுதிக் கொடுக்கும் மருந்து பாதி வழியிலேயே பயனற்றுப் போகும். ஆகவே தடுப்பதற்கு வந்தவர், மருத்துவரின் சொல்லுக்கும் நோயாளியின் வீட்டிற்கும் இடையே பாலமாக மாறினார்.

1905இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பொறுப்பேற்ற ஆன் கம்மின்ஸ் இப்பணியைக் காசநோயினரிடத்தும் தாய் சேய் நலத்திலும் விரிவாக்கினார். அதே 1905இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்டு காபட், நோயாளியின் வாழ்க்கை நிலையை அறியாமல் மருந்து கொடுப்பது வீண் என்று கண்டு, அங்குச் சமூகப் பணியாளரை அமர்த்தினார். வேறு வேறு நோக்கத்தில் தொடங்கிய இருவேறு நாட்டு முயற்சிகளும் ஒரே முடிவை அடைந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

மறக்கப்பட்ட 714 பேர்

1929ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் ஏழையர் காப்பாளர் குழுக்களை ஒழித்து, அவற்றின் விடுதிகளையும் நோயர் கூடங்களையும் மாவட்ட, நகர மன்றங்களிடம் ஒப்படைத்தது. பெயர்ப்பலகை மாறிற்று, உள்ளே கிடந்தவர் நிலை எளிதில் மாறவில்லை.

1935இல் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, அடுத்திருந்த ஏழையர் நோயர் கூடத்தைத் தன் பொறுப்பில் ஏற்றபோது, அங்கிருந்த 714 நோயாளரைக் கவனிக்கும் பணி மார்ஜரி வாரன் என்னும் மருத்துவரிடம் வந்தது. அவர்களுட் பலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் புதிதாகச் சோதித்து வகைப்படுத்தினார். கூடங்களில் வெளிச்சம் பெருகியது. சுவர்கள் வெளிர்நிறம் பெற்றன. பிடித்து நடக்கக் கைப்பிடிகள் வந்தன. எழுந்து நடக்கப் பயிற்சி அளிக்கப்பட்டது. இனி எழவே மாட்டார் என்று கைவிடப்பட்டிருந்தோர் பலர் எழுந்து நடந்தனர். சிலர் வீடு திரும்பினர். 1943இலும் 1946இலும் மருத்துவ இதழ்களில் அவர் எழுதிய கட்டுரைகள் முதியோர் மருத்துவம் என்னும் துறைக்கே அடிகோலின. மருத்துவர், செவிலியர், உடற்பயிற்சி சிகிச்சையாளர், ஆல்மனர் ஆகியோர் ஒரே குழுவாக இயங்கவேண்டும் என்பது அவரது அனுபவத்தின் சாரம். நடக்கத் தெரிந்த பின்னும், போய்ச் சேர ஓர் இல்லம் இல்லையேல் நோயாளி எங்குப் போவார்?

ஒரே நாளில் இரு சட்டங்கள்

1948 ஜூலை 5ஆம் நாள் இங்கிலாந்தின் வரலாற்றில் சிறப்புடையது. அன்று தேசிய சுகாதாரப் பணி தொடங்கிற்று. மருத்துவம் எல்லோர்க்கும் இலவசமாயிற்று. அதே நாளில் தேசிய உதவிச் சட்டமும் நடைமுறைக்கு வந்து, பழைய ஏழையர் சட்டத்திற்கு முடிவு கட்டியது. முதியோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் இல்லங்கள் அமைக்கும் கடமை உள்ளாட்சி மன்றங்களைச் சார்ந்தது. சுகாதார அமைச்சர் அனூரின் பெவன், பழைய விடுதியின் இழிவு நீங்கி, முதியோர் தாம் கொடுக்கும் பணத்துக்கு மதிப்புடன் வாழவேண்டும் என விரும்பினார்.

நோக்கம் உயர்ந்தது, ஆயினும் அன்றே ஒரு பிளவும் உண்டாயிற்று. மருத்துவமனையில் படுத்திருந்தால் கட்டணம் இல்லை. மன்றத்தின் இல்லத்திற்குச் சென்றால் வருவாய்க்கும் சொத்துக்கும் ஏற்பக் கட்டணம் உண்டு. ஒரு முதியவர் ‘நோயாளி’யா, ‘பராமரிப்பு வேண்டுபவ’ரா என்னும் கேள்வி, அவரது உடல்நிலையைப் பற்றியதாக மட்டும் இல்லாமல், யார் பணப்பெட்டி திறக்கவேண்டும் என்பதைப் பற்றியதாகவும் ஆகிவிட்டது. இல்லங்களின் நிலையும் எதிர்பார்த்தவாறு உயரவில்லை. பீட்டர் டவுன்செண்ட் என்னும் அறிஞர் 173 இல்லங்களை நேரிற் கண்டு 1962இல் வெளியிட்ட நூல், பழைய ஏழையர் விடுதிக் கட்டடங்களிலேயே முதியோர் பலர் இன்னும் வாழ்வதை எடுத்துக்காட்டிற்று.

பிற்காலத்தில் எழுந்த ஒரு வாதம் இப்பிளவை நன்கு விளக்கும். வீட்டிலுள்ள முதியவரைக் குளிப்பாட்டுவது மருத்துவக் குளியலா, சமூகக் குளியலா? மருத்துவக் குளியல் என்றால் செவிலியர் இலவசமாகச் செய்வார். சமூகக் குளியல் என்றால் மன்றத்தின் ஊழியர் வருவார், கட்டணமும் வரலாம். தண்ணீர் ஒன்றே, முதுகும் ஒன்றே. சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் குளியல் இரண்டு!

குழுக்கள், தண்டம், பொதுப்பணம்

1974இல் நிர்வாகம் திருத்தியமைக்கப்பட்டபோது, மன்றங்களிடமிருந்த ஊர்ச் செவிலியர் சுகாதாரப் பணிக்கு மாறினர். மருத்துவமனைச் சமூகப் பணியாளர் உள்ளாட்சி மன்றங்களுக்கு மாறினர். மேரி ஸ்டூவர்ட்டின் வழிவந்தோர் மருத்துவமனையில் பணிசெய்தும் வேறோர் அமைப்பின் ஊழியர் ஆயினர். இடைவெளியை நிரப்பக் கூட்டு ஆலோசனைக் குழுக்கள் ஏற்பட்டன. 1976இல் கூட்டு நிதியும் வந்தது. ஆயினும் முதன்மைப் பணம் தனித்தனிப் பெட்டியிலேயே இருந்தது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழியை நாடிற்று. மருத்துவம் முடிந்தும், வீட்டில் உதவி அமையாமையால் நோயாளி படுக்கையிலேயே காத்திருந்தால், மன்றம் நாளொன்றுக்கு 100 பவுன் மருத்துவமனைக்குச் செலுத்தவேண்டும். இலண்டனிலும் தென்கிழக்கிலும் 120 பவுன். இது தாமதத்தைக் கண்டிக்கும் வழியே ஒழிய நட்பை வளர்க்கும் வழி அன்று. கூட்டாளிகளை வழக்காளிகள் ஆக்கும் இம்முறையின் கட்டாயத்தை 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் நீக்கிவிட்டது.

இதனினும் பயன் தந்தது 1999ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் எனலாம். இரு துறையினரும் பணத்தை ஒரே பெட்டியில் இட்டுச் செலவிட அது முதன்முதலாகத் தெளிவான உரிமை தந்தது.

அமைப்பை ஒன்றாக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? வட அயர்லாந்தில் 1973 முதலே இரு பணிகளும் ஒரே வாரியங்களின்கீழ் இயங்கின. அங்கும் மருத்துவமனையின் அவசரத் தேவைகளே முன்னுரிமை பெற்று, சமூகப் பணி பின்தங்கும் நிலையை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். கூரை ஒன்றானால் மட்டும் குடும்பம் ஒன்றாகிவிடாது.

டோர்பே கண்ட வழி

தென்மேற்கு இங்கிலாந்தின் கடலோரப் பகுதியாகிய டோர்பேயில் முதியோர் மிகுதி. அங்குள்ள அதிகாரிகள் 2004இல் பிரிக்சம் என்னும் சிற்றூரில் ஒரு சோதனையைத் தொடங்கினர். அவர்கள் முதலில் விதிகளை எழுதவில்லை. ‘திருமதி ஸ்மித்’ என்று கற்பனையாக ஒரு மூதாட்டியைப் படைத்துக்கொண்டனர். அவர் உதவி பெற எத்தனை அலுவலகங்களுக்குச் செல்லவேண்டும், ஒரே கதையை எத்தனை பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும் என்று எண்ணிப் பார்த்தனர். பின்னர்ச் செவிலியர், சமூகப் பணியாளர், சிகிச்சையாளர் ஆகியோரை ஊர்ப்பகுதிதோறும் ஒரே குழுவாக்கினர். 2005இல் இரு பணிகளையும் இணைத்த அறக்கட்டளை நிறுவப்பட்டது. ஒவ்வொரு குழுவிலும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். அவர் மருத்துவர் அல்லர், செவிலியரும் அல்லர். முதியவரோ மருத்துவரோ அழைத்தால் விடையளித்து, வேண்டிய உதவியை உரியவரிடமிருந்து பெற்றுத் தருவது அவர் தொழில். அங்கு முதியோர் அவசரமாக மருத்துவமனையிற் படுக்கும் நாள்கள் குறைந்தன. வீடு திரும்பத் தாமதிப்போரும் மிகச் சிலராயினர். 2022ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்து முழுவதும் 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புகளை ஏற்படுத்தியபோது, முன்னோடியாகக் கருதப்பட்டவற்றுள் டோர்பேயும் ஒன்று.

டோர்பேயின் ஒருங்கிணைப்பாளர் யார்? 1895இல் வாயிலில் அமர்ந்த ஆல்மனரே மீண்டும் வந்தார் எனலாம்.

வரலாறு கூறும் பாடம்

இந்த ஆல்மனர் மரபு மலாயாவையும் சிங்கப்பூரையும் அறியாததன்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் இங்குள்ள அரசாங்க மருத்துவமனைகளிலும் ஆல்மனர்கள் பணியாற்றினர். பின்னர் அவர்கள் மருத்துவ சமூகப் பணியாளர் என்று பெயர் பெற்றனர். சிங்கப்பூர் 2018இல் முதியோர்க்கான சமூகப் பராமரிப்புப் பணிகளைச் சுகாதார அமைச்சின்கீழ்க் கொண்டுவந்து, இரண்டையும் ஓரிடத்தில் இணைக்க முற்பட்டது.

துறைகளைப் பிரிப்பவை தீய எண்ணங்கள் அல்ல. தனித்தனிச் சட்டங்களும் பணப்பெட்டிகளுமே என்பது இவ்வரலாற்றால் விளங்கும். குழு கூட்டினால் மட்டும் அப்பிளவு ஆறாது. தண்டம் விதித்தாலும் ஆறாது. அமைப்புகளை ஒன்றாக்கினால் மட்டும் முழுமையாக ஆறிவிடாது. பணத்தைப் பொதுவில் இடும் உரிமையும், நோயாளியின் முழுக்கதையையும் கேட்டு அவருக்காக இருபக்கமும் சென்றுவரும் ஒரு மனிதரும் சேர்ந்த இடத்திலேதான் அது ஆறத் தொடங்கியது. மருந்தைக் கண்டுபிடிக்க அறிவு வேண்டும். அம்மருந்து முதியவரின் வீட்டில் பயன்தர, அருகில் நிற்பவர் ஒருவர் வேண்டும். அவரை மறந்த மருத்துவம் முக்காற்பங்கு மருத்துவமே.