மூன்று பதிவகங்களிலிருந்து எல்எல்விஎம் 20 வரை: ஃபோர்ட்ரான் தொகுப்பியின் வரலாறு

ஃபோர்ட்ரானின் வரலாற்றைச் செந்தரங்களின் வரிசையாகச் சொல்வதே வழக்கம்: 66, 77, 90, 2003, 2023. ஆனால் செந்தரம் ஓர் ஆவணம். விஞ்ஞானி அன்றாடம் கையாள்வது, நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பியை. ஆகவே, தொகுப்பிகளின் வெளியீடுகளே இம்மொழியின் வளர்ச்சிக்கு நெருங்கிய சான்று என்பது என் துணிபு. ஒவ்வொரு வெளியீடும் இரண்டு சோதனைகளைக் கடந்தாக வேண்டியிருந்தது. ஒன்று வேகம்; மற்றொன்று பழைய நிரல்.

வேகத்தின் சோதனை தொடக்கத்திலேயே வந்தது. 1953 இறுதியில் ஜான் பேக்கஸ் ஐபிஎம் நிறுவனத்திடம் ஃபோர்ட்ரான் திட்டத்தை முன்வைத்தபோது, கையால் எழுதிய பொறிமொழிக்கு ஈடாக ஓர் இயந்திரம் எழுதும் என்று நிரலர்கள் நம்பவில்லை. உருவாகும் நிரல் பாதி வேகத்தில்தான் ஓடும் என்றால் யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்று பேக்கஸ் குழுவுக்குத் தெரிந்திருந்தது. ஐபிஎம் 704 கணினியில் அணிகளின் உறுப்புகளை எடுக்க உதவும் சுட்டுப் பதிவகங்கள் மூன்றே. தொகுப்பியின் முதற்பகுதிகள், பதிவகங்களுக்குப் பஞ்சமே இல்லை என்று வைத்துக்கொண்டு நிரலை உருவாக்கின. அடுத்து, லோயிஸ் ஹெய்ப்ட் எழுதிய நான்காம் பகுதி, நிரலின் எந்தக் கிளை எத்தனை முறை ஓடும் என்பதை மான்டே கார்லோ முறையில் மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டைக் கொண்டு, ஷெல்டன் பெஸ்ட் எழுதிய ஐந்தாம் பகுதி எல்லாவற்றையும் மூன்று பதிவகங்களுக்குள் அடக்கியது. இன்றைய தொகுப்பிகள் பலவற்றுக்கு அடித்தளமான எல்எல்விஎம்மும் எண்ணற்ற மெய்நிகர் பதிவகங்களில் தொடங்கி, பிறகுதான் உண்மையான பதிவகங்களுக்கு வருகிறது. இத்தனை முதிர்ந்த சிந்தனை முதல் முயற்சியிலேயே விளைந்தது வியப்புக்குரியது.

1957 ஏப்ரலில் வெஸ்டிங்ஹவுஸின் பெட்டிஸ் ஆய்வகத்துக்குச் சுமார் 2,000 துளையட்டைகள் கொண்ட பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. விளக்கக் குறிப்பு ஏதும் இல்லை. இதுதான் ஃபோர்ட்ரான் தொகுப்பியாக இருக்க வேண்டும் என்று ஊகித்து, ஒரு சோதனை நிரலைக் கொடுத்துப் பார்த்தார்கள். அடைப்புக்குறிக்குப் பின் காற்புள்ளி விடுபட்டிருப்பதாகப் பிழைச்செய்தி வந்தது. அட்டையைத் திருத்திக் கொடுத்ததும் விடைகள் அச்சாகின.

அதன்பின் மொழி விரைந்து பரவியது. 1963-இல் கான்பூர் ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 1620-இல் இந்திய மாணவர்கள் ஃபோர்ட்ரான் கற்றார்கள். வானிலை, அணுக்கரு இயற்பியல், கட்டமைப்புப் பொறியியல் எனத் துறைதோறும் நிரல்கள் குவிந்தன. அந்தக் குவியலே இரண்டாம் சோதனையானது.

2005-இல் குனு தொகுப்பித் தொகுதியான ஜிசிசியின் 4.0 வெளியீட்டில், ஃபோர்ட்ரான் 77-க்கான ‘ஜி77’ விலகி ‘ஜிஃபோர்ட்ரான்’ அதன் இடத்துக்கு வந்தது. 2020-இல் வந்த ஜிசிசி 10, துணைநிரலுக்கு அனுப்பும் மதிப்பின் வகையும் அது எதிர்பார்க்கும் வகையும் பொருந்தாவிட்டால் பிழை என்று நிறுத்தியது. செந்தரப்படி அது சரியே. ஆயினும், ஒரே துணைநிரலுக்கு ஓரிடத்தில் முழு எண்ணும் வேறிடத்தில் மெய்யெண்ணும் அனுப்பி, பல்லாண்டுகளாகச் சிக்கலின்றி ஓடிய நிரல்கள் ஏராளம். அவற்றுக்காகப் பிழையை எச்சரிக்கையாகத் தளர்த்தும் தனித் தெரிவு ஒன்றையும் அதே வெளியீட்டில் சேர்க்க வேண்டியிருந்தது.

எல்எல்விஎம் திட்டத்தின் ஃபோர்ட்ரான் தொகுப்பியான ஃபிளாங்கின் பாதை இன்னும் நீண்டது. அமெரிக்க அணுசக்திப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மூன்று ஆய்வகங்கள், என்விடியாவுடன் இணைந்து 2015-இல் இம்முயற்சியை அறிவித்தன. முதலில் வந்த தொகுப்பியை ஒதுக்கிவிட்டு, புதிதாக எழுதியதை 2020-இல் எல்எல்விஎம்மில் சேர்த்தார்கள். அது ‘ஃபிளாங்-நியூ’ என்ற பெயரைக் கைவிட்டு ‘ஃபிளாங்’ ஆனது 2025 மார்ச்சில் வெளிவந்த எல்எல்விஎம் 20-இல்தான்.

இன்டெல்லும் தன் 2025 வெளியீட்டில் நெடுங்காலத் தொகுப்பியான ‘ஐஃபோர்ட்’டை நீக்கி, எல்எல்விஎம் அடித்தளம் கொண்ட ‘ஐஎஃப்எக்ஸ்’ஸை மட்டும் தருகிறது. தொகுப்பி மாறினால் கூட்டல்களின் வரிசை மாறலாம். வரிசை மாறினால் தசம எண்ணின் கடைசி இலக்கங்கள் மாறக்கூடும். வானிலைக் கணிப்பு போன்ற நிரல்களில் அந்தச் சிறு வேறுபாடு படிப்படியாகப் பெருகும். ஆகவே, புதிய தொகுப்பிக்கு மாறும் குழுக்கள் பழைய விடைகளையும் புதிய விடைகளையும் அருகருகே வைத்து, எது இயல்பான வேறுபாடு, எது தொகுப்பியின் பிழை என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது.